கணிதக் குறிகளைப் பன்னாட்டுத் தரநிலைப்படி அச்சுக்கோத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் லத்தீன், கிரேக்க எழுத்துகளையும் கட்டளைப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தருகிறோம். கணினியில் தட்டும்போது மூல எழுத்தையே தட்ட வேண்டும். ஒருங்குறி எண்கள் பதினாறடிமானத்தில் உள்ளன.

எந்தத் தரநிலையைப் பின்பற்ற வேண்டும்?

பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ-வின் 80000 வரிசையை. அதன் முதல் பகுதி அளவுகளையும் அலகுகளையும் எழுதும் பொது விதிகளைச் சொல்கிறது; இரண்டாம் பகுதி கணிதக் குறிகளுக்கு உரியது. இந்த இரண்டாம் பகுதி, 1992-இன் ஐஎஸ்ஓ 31-11 என்ற பழைய தரநிலைக்குப் பதிலாக 2009-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது. எஸ்ஐ எனும் பன்னாட்டு முறை அலகுகளுக்கான அதிகாரபூர்வக் கையேடும், வேதியியலாளர்களின் ஐயூபேக், இயற்பியலாளர்களின் ஐயூபேப் ஆகியவற்றின் வழிகாட்டிகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். தூய கணித இதழ்கள் பலவற்றில் இந்த மரபு இல்லை. வகையீட்டு டி-யையும் கற்பனை அலகு ஐ-யையும் சாய்வாகவே அச்சிடுவது அங்கே நீண்ட பழக்கம். உங்கள் கட்டுரையை வெளியிடுபவர் தனி நடைவிதி வைத்திருந்தால் அதுவே முதலில் செல்லும். அப்படி எதுவும் இல்லாத ஆய்வேடு, பாடநூல், தொழில்நுட்ப அறிக்கை ஆகியவற்றுக்கு ஐஎஸ்ஓ-வைக் கைக்கொள்வதில் தயக்கமே வேண்டாம்.

எதைச் சாய்வாக எழுதுவது, எதை நேராக எழுதுவது?

மதிப்பு இடத்துக்கு இடம் மாறக்கூடியது சாய்வு. பொருள் ஒன்றே என்று நிலைத்துவிட்டது நேர். மாறிகள், ஓடும் சுட்டெண்கள், எஃப், ஜி என்று பொதுவாகச் சுட்டும் சார்புகள் எல்லாம் சாய்வு. எண்கள், சைன், காஸ், எக்ஸ்ப் போன்ற பெயர்பெற்ற சார்புகள், பை போன்ற கணித மாறிலிகள், வகையீட்டு டி, தனிமங்களின் குறிகள், துகள்களின் பெயர்கள், அலகுகளும் அவற்றின் முன்னொட்டுகளும் நேர்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் இயற்பியல் மாறிலிகள். ஒளியின் வேகமும் பிளாங்க் மாறிலியும் மாறாதவைதானே, அவற்றை ஏன் சாய்வாக எழுதுகிறார்கள்? அவை அலகோடு சொல்லப்படும் இயற்பியல் அளவுகள் என்பதால். நிறை, நீளம், வெப்பநிலை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்பவை அவை. ஆகவே சி-யும் ஹெச்-சும் சாய்வு, பை நேர்.

சுற்றியிருக்கும் உரையின் வடிவம் இந்த விதியைத் தொடுவதில்லை. தேற்றத்தின் கூற்று முழுவதும் சாய்வெழுத்தில் வரும் ஆவணங்களில், உரையாகத் தட்டிய “5 மீட்டர்” என்பதன் எண்ணும் அலகும் சேர்ந்து சாய்ந்துவிடும். சாய்ந்த எம் என்றால் நிறை, நேரான எம் என்றால் மீட்டர். வாசகருக்குக் குழப்பம் வருவது இப்படித்தான். உரைக்குள் வரும் எண்ணையும் அலகையும்கூடக் கணித முறைமைக்குள் (சமன்பாடுகளைத் தட்டுவதற்கான நிலை), அலகை நேரெழுத்துக் கட்டளையில் இட்டுத் தட்டினால் இது நேராது.

ஒரே எழுத்து இரண்டு வடிவத்திலும் வருமா?

வரும். ஈ எழுத்தைப் பாருங்கள். நேரான ஈ, இயல் மடக்கையின் அடிமானம்: 2.718 28… சாய்ந்த ஈ, அடிப்படை மின்னூட்டம்: 1.602 176 634 × 10⁻¹⁹ கூலும். எலக்ட்ரான் என்ற துகளைக் குறிக்கும் ஈ, துகளின் பெயர் என்பதால் மறுபடி நேர். குறைகடத்திச் சமன்பாட்டில் மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கி, வெப்ப ஆற்றலால் வகுத்து, அதை அடுக்காக ஏற்றும்போது, அடியில் நிற்கும் ஈ நேராகவும் அடுக்கில் நிற்கும் ஈ சாய்வாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வடிவில் அச்சிட்டால் எது எது என்பதை வாசகர் சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

ஐ-யும் அப்படியே. கூட்டுத்தொகையின் கீழே ஓடும் ஐ சாய்வு. கணநேர மின்னோட்டம் சாய்வு. கற்பனை அலகு நேர். மின்பொறியியலில் மின்னோட்டத்தோடு மோதாமல் இருக்கக் கற்பனை அலகுக்கு ஜே-யைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஜே-யும் நேராகவே நிற்க வேண்டும்.

கீழ்க்குறிகளை எப்படி முடிவு செய்வது?

கேள்வி ஒன்றுதான்: அந்தக் கீழ்க்குறி ஓர் அளவையோ ஓடும் எண்ணையோ குறிக்கிறதா, அல்லது ஒரு சொல்லின் சுருக்கமா? அளவு என்றால் சாய்வு, சொல் என்றால் நேர். மாறா அழுத்தத்தில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்னும்போது சி-யின் கீழ் வரும் பி அழுத்தத்தைக் குறிக்கிறது, அழுத்தம் ஓர் அளவு, எனவே சாய்வு. இயக்க ஆற்றலின் கீழ் வரும் கே ஒரு சொல்லின் முதலெழுத்து, எனவே நேர். போல்ட்ஸ்மன் மாறிலியில் கே சாய்வு, அதன் கீழிருக்கும் பெரிய பி ஓர் ஆளின் பெயர் என்பதால் நேர். “பெருமம்” என்பதைக் குறிக்கும் மேக்ஸ், “உள்ளே”, “வெளியே” ஆகியவற்றின் சுருக்கங்கள் எல்லாம் நேர்.

மேக்ஸ் என்பதை லாடெக்கில் (கட்டளைகளைத் தட்டி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) அப்படியே கணித முறைமையில் தட்டினால் சாய்வது மட்டும் அல்ல, எம் பெருக்கல் ஏ பெருக்கல் எக்ஸ் என்று மூன்று மாறிகளின் பெருக்கலுக்கு உரிய இடைவெளியோடு வரும். உற்றுப் பார்த்தால் எழுத்துகள் ஒட்டாமல் நிற்பது தெரியும்.

வெக்டார், அணி, டென்சர்?

வெக்டார்: தடித்த சாய்வு. தடிக்காத சாய்வெழுத்தின் மேல் அம்புக்குறி இடுவதையும் தரநிலை ஏற்கிறது. ஓர் ஆவணத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். அணி: தடித்த சாய்ந்த பெரிய எழுத்து. டென்சர்: தடித்த, சாய்ந்த, சான்செரிஃப் (முனைகளில் சிறுகோடு இல்லாத) எழுத்து. நேராகத் தடித்த வெக்டாரைப் பல நூல்களில் காண்கிறோம். அது மென்பொருளின் இயல்புநிலையால் பரவிய வழக்கம், ஐஎஸ்ஓ கேட்பது அதுவல்ல. வெக்டாரின் கூறுகள் எண்ணளவுகள் என்பதால் அவை தடிப்பதில்லை: சாதாரணச் சாய்வும் கீழ்க்குறியும் போதும்.

எண் கணங்களுக்கு இரட்டைக்கோட்டு எழுத்தா, தடித்த எழுத்தா?

இரண்டுமே ஏற்புடையவை, தடித்ததாக இருந்தால் நேராக இருக்க வேண்டும். இயல் எண்களின் கணத்தில் ஐஎஸ்ஓ பூச்சியத்தையும் சேர்க்கிறது என்பதைக் கவனியுங்கள். பூச்சியத்தை விலக்க வேண்டுமானால் எழுத்துக்கு மேற்குறியாக நட்சத்திரக் குறி இட வேண்டும்.

கிரேக்க எழுத்துகள்தான் பெரும் தொல்லை. பை, காமா, டெல்டா?

விதி மாறவில்லை. வட்டத்தின் பை நேர். காமா சார்பின் பெரிய காமா, பெயர்பெற்ற சார்பு என்பதால் நேர். மாற்றத்தைக் காட்டும் பெரிய டெல்டா, செயலி என்பதால் நேர். கோணம் ஆல்ஃபா, அலைநீளம் லாம்டா, அடர்த்தி ரோ ஆகியவை அளவுகள் என்பதால் சாய்வு. பெரிய எழுத்தாக வரும் அளவும், எடுத்துக்காட்டாகத் திண்மக் கோணமான ஒமேகா, சாய்வுதான். அதே ஒமேகா ஓம் என்ற அலகாக வரும்போது நேர்.

தொல்லை கருவியில் இருக்கிறது. லாடெக்கின் அடித்தளமான டெக்கின் இயல்புநிலையில் சிறிய கிரேக்க எழுத்துகள் எல்லாம் சாய்வு, பெரியவை எல்லாம் நேர். இரண்டு பக்கத்திலும் பாதி தவறு. அதன் பழைய கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் நேரான சிறிய கிரேக்க எழுத்துகள் இல்லவே இல்லை. சாய்ந்த பை அவ்வளவு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வகையீட்டு டி-யை நேராக்கினால் இடைவெளி கெடுகிறதே?

கெடும். தொகையிடலில் சார்புக்கும் டி-க்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி தேவை. டி-க்கும் அதன் மாறிக்கும் இடையே எதுவும் கூடாது. டி-யின் முன்னால் கையால் மெல்லிய இடைவெளி இட்டுக்கொண்டே போனால், வகைக்கெழுவின் பகுதியிலும் தொகுதியிலும் அந்த இடைவெளி தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். லாடெக்கில் தேர்ந்த வழி: வெற்று மேத்ஆப் (செயலிக்கு உரிய கட்டளை), அதைத் தொடர்ந்து எதிர்மறை மெல்லிய இடைவெளி, பிறகு மேத்ஆர்எம் கட்டளைக்குள் டி. இம்மூன்றையும் ஒரு குறுங்கட்டளையாக முன்னுரைப் பகுதியில் (கோப்பில் உரை தொடங்குமுன் அமைப்புகளை எழுதும் இடம்) வரையறுத்துவிடுங்கள். வெற்றுச் செயலி தனக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் மட்டும் மெல்லிய இடைவெளியை உண்டாக்கும். தனக்குப் பின்னால் உண்டாக்குவதை எதிர்மறை இடைவெளி அழித்துவிடும். பின்னத்தின் தொடக்கத்தில் முன்னால் எதுவும் இல்லை, இடைவெளியும் வராது.

மெல்லிய இடைவெளி என்பது டெக்கின் கணித இடைவெளி அலகில் 3 எம்யூ. 18 எம்யூ சேர்ந்தது ஓர் எம் (எழுத்துருவின் அளவை ஒட்டிய அகலம்). ஆக ஓர் எம்மில் ஆறில் ஒரு பங்கு.

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி கட்டாயமா?

ஆம், கட்டாயம். பாகை செல்சியஸ், விழுக்காட்டுக் குறி ஆகியவற்றின் முன்னாலும் வேண்டும். கோணத்தின் பாகை, கலை, விகலைக் குறிகள் மூன்றுக்கு மட்டுமே விலக்கு: 30° என்று ஒட்டியும் 20 °செ. என்று விட்டும் எழுத வேண்டும். இந்த இடைவெளியில் வரி உடையக் கூடாது. வெற்றுரையில் யூ+202எஃப் என்ற உடையாத குறுகிய இடைவெளியை இடுங்கள்.

நீண்ட எண்களை மும்மூன்று இலக்கங்களாக மெல்லிய இடைவெளியால் பிரியுங்கள். காற்புள்ளியாலோ புள்ளியாலோ பிரிக்கக் கூடாது. அவ்விரண்டுமே பதின்மக் குறியாகப் பயன்படுபவை என்பதை 2003-இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு உறுதி செய்தது. பதின்மக் குறியாகப் புள்ளியைப் பயன்படுத்துபவர்கள் எண்களைப் பெருக்கும்போது நடுப்புள்ளியைத் தவிர்த்து × இட வேண்டும். அலகுகளின் பெருக்கலுக்கு நடுப்புள்ளி அல்லது இடைவெளி; வகுத்தலுக்குச் சாய்கோடு ஒன்றுக்கு மேல் வரக் கூடாது.

லாடெக்கில் இத்தனையையும் எஸ்ஐயூனிட்எக்ஸ் பொதி (லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணைத்தொகுப்பு) பார்த்துக்கொள்கிறது. அதன் மூன்றாம் பதிப்பில் எண்ணுக்கு நம், அலகுக்கு யூனிட், இரண்டும் சேர்ந்து வந்தால் கியூடிஒய். கையால் இடைவெளி இட்டுப் பிழைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மடக்கையை எப்படி எழுதுவது?

அடிமானம் 2-க்கு எல்பி, ஈ-க்கு எல்என், 10-க்கு எல்ஜி. வெறும் லாக் என்று எழுதினால் அடிமானத்தைக் கீழ்க்குறியாகத் தர வேண்டும். எல்லாம் நேரெழுத்து. எல்ஜி லாடெக்கில் முன்பே உள்ளது. எல்பி-யை டிக்ளேர்மேத்ஆபரேட்டர் கட்டளையால் நீங்களே அறிவித்துக்கொள்ள வேண்டும்.

லாடெக்கில் இந்த விதிகளுக்கு ஏற்ற அமைப்பு எது?

லுவாலாடெக் அல்லது ஸீலாடெக் எஞ்சினோடு (லாடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல்) யூனிகோட்-மேத் பொதி. பொதியை அழைக்கும்போது மேத்-ஸ்டைல், போல்ட்-ஸ்டைல் என்ற இரு தெரிவுகளுக்கும் ஐஎஸ்ஓ என்ற மதிப்பை வெளிப்படையாகவே கொடுங்கள். பிறகு செட்மேத்ஃபான்ட் கட்டளையால் எழுத்துருவைத் தேருங்கள்.

அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. ஐஎஸ்ஓ என்ற தெரிவு எழுத்துகளின் இயல்பான சாய்வை மட்டுமே மாற்றுகிறது: பெரிய கிரேக்க எழுத்துகளும் சாயும், தடித்தவையும் சாயும். நீங்கள் தட்டிய பை வட்டத்தின் பையா, வேறேதாவது மாறியா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே அந்தத் தெரிவை இட்டதும் காமா சார்பும் டெல்டாவும்கூடச் சாய்ந்துவிடும், முன்பு சரியாக இருந்தவை உட்பட. எதை நேராக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: சிம்அப் கட்டளைக்குள் எழுத்தை இடலாம், அல்லது அப்பை போன்று நேர்வடிவத்துக்கு உரிய பெயரால் அழைக்கலாம்.

அதையும் ஒவ்வோர் இடத்திலும் செய்யாதீர்கள். முன்னுரைப் பகுதியில் பொருளுக்கு ஒரு குறுங்கட்டளை வையுங்கள்: வட்ட மாறிலிக்கு ஒன்று, கற்பனை அலகுக்கு ஒன்று, மடக்கை அடிமானத்துக்கு ஒன்று, வகையீட்டுக்கு ஒன்று, வெக்டார், அணி, டென்சர் ஆகியவற்றுக்குத் தனித்தனியே. வெக்டாரும் அணியும் இன்று ஒரே வடிவில் இருந்தாலும் இரண்டுக்கும் வெவ்வேறு கட்டளை வேண்டும். வெக்டாரை அம்புக்குறியாக மாற்றும்படி வெளியீட்டாளர் கேட்டால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். அப்படி வைத்திராதவர் நூறு பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

இன்னொரு கண்ணி. இந்தப் பொதியில் மேத் என்று தொடங்கும் கட்டளைகளும் சிம் என்று தொடங்கும் கட்டளைகளும் வெவ்வேறு. மேத்பிஎஃப் என்பது உரை எழுத்துருவின் தடித்த வடிவத்தை எடுக்கும், நேராகவே வரும். சிம்பிஎஃப் என்பது கணித எழுத்துருவிலிருந்து எடுத்து, ஐஎஸ்ஓ தெரிவுப்படி சாய்க்கும். வெக்டாருக்குச் சிம்பிஎஃப், டென்சருக்குச் சிம்பிஎஃப்எஸ்எஃப்ஐடி, கணத்துக்குச் சிம்பிபி. பல எழுத்துகள் சேர்ந்த ஒரு சொல்லுக்கு மேத்ஆர்எம், தனியெழுத்துக்குச் சிம்அப். பழைய ஆவணத்தை இந்தப் பொதிக்கு மாற்றும்போது வெக்டார்கள் மட்டும் பிடிவாதமாக நேராக நின்றால் காரணம் இதுதான்.

பழைய பிடிஎஃப்லாடெக்கை விட முடியாத நிலை. என்ன செய்வது?

அதிலும் இந்த விதிகளைப் பின்பற்ற முடியும், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ஐசோமேத் பொதி வெக்டார், அணி, டென்சருக்கு உரிய கட்டளைகளைத் தருகிறது. அப்கிரீக் பொதி நேரான சிறிய கிரேக்க எழுத்துகளைத் தருகிறது. அப்கிரீக் தன் எழுத்துகளை ஆய்லர், சிம்பல் போன்ற வேறு எழுத்துருக்களிலிருந்து கடன் வாங்குவதால் கோட்டின் தடிமன் சுற்றியுள்ளவற்றோடு பொருந்தாமல் போகலாம். ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த சிக்கல், “கணித எழுத்துக் குடும்பங்கள் மிகுந்துவிட்டன” என்ற பிழைச் செய்தி. பழைய எஞ்சின் ஒரு சமன்பாட்டில் 16 குடும்பங்களுக்கு மேல் தாங்காது. தடித்த சான்செரிஃப், நேர் கிரேக்கம், இரட்டைக்கோடு என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. தடித்த கணித எழுத்துகளுக்கான பிஎம் பொதியைப் பயன்படுத்துபவர்கள் அதை அழைப்பதற்கு முன் பிஎம்மேக்ஸ், ஹெச்எம்மேக்ஸ் இரண்டையும் 0 என்று வரையறுத்தால் அது முன்கூட்டியே பிடித்துவைக்கும் குடும்பங்கள் விடுபடும். புதிய எஞ்சின்களில் இந்த வரம்பு 256. அங்கே இந்தப் பிழையைச் சந்திப்பது அரிது.

வேர்ட் செயலியில்?

ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் எழுத்துகள் தாமாகச் சாயும். ஓர் எழுத்தை நேராக்க, அதைத் தேர்ந்து கன்ட்ரோல்-ஐ அழுத்துங்கள். வெக்டாருக்குத் தேர்ந்து கன்ட்ரோல்-பி அழுத்தினால் தடித்த சாய்வு கிடைக்கும். சொல்லாக வரும் கீழ்க்குறியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தட்டி இடைவெளிப் பட்டையை அழுத்தினால் மேற்கோள் மறைந்து சொல் நேராக நிற்கும். சைன் என்று தட்டி இடைவெளி விட்டால் அது சார்பு என்று செயலியே கண்டுகொள்ளும்.

பின்சாய்கோட்டோடு இரண்டு டி தட்டினால் வகையீட்டுக் குறி வரும் என்று சில வழிகாட்டிகள் சொல்லும். வருவது யூ+2146 என்ற இரட்டைக்கோட்டுச் சாய்ந்த டி. ஐஎஸ்ஓ கேட்பது சாதாரண நேர் டி. டென்சருக்கான தடித்த சான்செரிஃப் சாய்வுக்கு எளிய பொத்தான் இல்லை: எழுத்தின் ஒருங்குறி எண்ணைத் தட்டி ஆல்ட்-எக்ஸ் அழுத்த வேண்டும். இவ்வகைப் பெரிய எழுத்துகள் 1டி63சி-யில் தொடங்குகின்றன. வரிசையில் எண்ணிக்கொண்டு போகலாம். அடிக்கடி தேவைப்படுபவற்றைக் கணிதத் தானியங்கித் திருத்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வலைப்பக்கத்தில் வர்க்கமூலக் குறி துண்டாகத் தெரிகிறது, அடைப்புகள் நீளவில்லை. ஏன்?

பெரும்பாலும் நடைத்தாள்தான் (பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு) காரணம். எல்லாக் கூறுகளுக்கும் சேர்த்து ஒரே தமிழ் எழுத்துருவை விதித்திருந்தால் அது மேத்எம்எல் (வலையில் சமன்பாடுகளை எழுதும் குறிமொழி) பகுதிக்குள்ளும் நுழைந்துவிடும். கணித அட்டவணை இல்லாத எழுத்துருவால் மூலக்குறியை நீட்டவோ அடைப்பை அடுக்கவோ முடியாது. மேத் கூறுக்குத் தனி விதி எழுதி, ஒரு கணித எழுத்துருவையும் இறுதியில் மேத் என்ற பொதுப்பெயரையும் கொடுங்கள். குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பிலிருந்து மேத்எம்எல்லை நேரடியாகக் காட்டுகிறது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதற்கு முன்பே காட்டின.

வடிவ விதியில் ஒரு நுணுக்கம்: எம்ஐ கூறுக்குள் ஒரே ஓர் எழுத்து இருந்தால் உலாவி அதைத் தானாகச் சாய்க்கும், ஒன்றுக்கு மேல் இருந்தால் நேராக விடும். ஆகவே சைன் தானாக நேராக வரும்; பை, ஈ, ஐ, வகையீட்டு டி ஆகியவை சாய்ந்துவிடும். இவற்றுக்கு மேத்வேரியன்ட் பண்பில் நார்மல் என்று எழுத வேண்டும்.

எழுத்துருவில் “கணித அட்டவணை” என்பது என்ன? எதைத் தேர்வது?

ஓப்பன்டைப் எழுத்துருவுக்குள் மேத் என்ற பெயரில் இருக்கும் தரவுப் பகுதி அது. 2007 ஆஃபீஸோடு வந்த கேம்பிரியா மேத் எழுத்துருவுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. பின்னர் திறந்த எழுத்துருத் தரநிலையிலும் இடம்பெற்றது. அதில் மூன்று வகைத் தகவல்கள் உள்ளன. முதலாவது மாறிலிகள்: வகுகோட்டின் தடிமன், அது நிற்கும் உயரம், கீழ்க்குறி எத்தனை விழுக்காடாகச் சுருங்க வேண்டும் என்பன போன்றவை. இரண்டாவது ஒவ்வொரு குறிக்கும் உரியவை: சாய்ந்த எழுத்தின் தலை வெளியே நீளும் அளவு, அதன் மேல் தொப்பியோ அம்போ உட்கார வேண்டிய புள்ளி. மூன்றாவது பெரிய வடிவங்களும், அடைப்பை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்ட உதவும் துண்டுகளும். இது இல்லாத எழுத்துருவில் எல்லாக் கணிதக் குறியும் இருந்தாலும் சமன்பாடு கட்ட உதவாது.

அறிவியல் வெளியீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஸ்டிக்ஸ் டூ மேத். அறிவியல் வெளியீட்டு அமைப்புகள் கூடி உருவாக்கிய ஸ்டிக்ஸின் இரண்டாம் வடிவம் அது; இலவசம்; ஐஎஸ்ஓ கேட்கும் எழுத்து வகைகள் எல்லாம் உள்ளன. டைம்ஸ் சாயலுக்கு டெக் ஜைர் டெர்ம்ஸ் மேத், பலாட்டினோ சாயலுக்குப் பெஜெல்லா மேத், பழைய டெக் தோற்றம் வேண்டுபவர்களுக்கு லேட்டின் மாடர்ன் மேத். ஃபிரா மேத் போன்ற சான்செரிஃப் எழுத்துருக்களை விரிதிரையில் காட்டும் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: உரை முழுவதும் சான்செரிஃப் ஆகிவிட்டால் டென்சரைத் தனித்துக் காட்ட வழியில்லை.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் குறிகளில் எதைத் தட்டுவது?

விசைப்பலகையின் சிறுகோடு கழித்தல் குறி அல்ல. கழித்தலுக்கு யூ+2212, அது கூட்டல் குறியின் அகலமும் உயரமும் கொண்டது. லாடெக்கின் கணித முறைமையில் சிறுகோட்டைத் தட்டினாலும் சரியான குறியே வரும். உரையிலும் அட்டவணைக் கட்டங்களிலும்தான் தவறு நுழைகிறது. பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்து கூடாது, யூ+00டி7 வேண்டும். வகைக்கெழுவின் மேற்கோடு (பிரைம்) யூ+2032. மேற்கோள் குறியை இடாதீர்கள். உட்பெருக்கத்தின் கோண அடைப்புகள் யூ+27இ8, யூ+27இ9. சிறிது, பெரிது குறிகளை இட்டால் மென்பொருள் அவற்றை ஒப்பீடு என்று எடுத்துக்கொண்டு இருபுறமும் இடைவெளி விடும்.

கூட்டுத்தொகைக் குறி யூ+2211, சிக்மா எழுத்து யூ+03ஏ3. முன்னது எல்லைகளை மேலும் கீழும் ஏற்றுப் பெரிதாகும். பின்னது வெறும் எழுத்து. ஓம் குறிக்கு யூ+2126 என்ற தனி எண் இருந்தாலும் கிரேக்க ஒமேகா யூ+03ஏ9-ஐயே தட்டுங்கள். ஒருங்குறியின் இயல்பாக்கம் முன்னதைப் பின்னதாக மாற்றிவிடும், தேடலில் குழப்பம் மிஞ்சும். மைக்ரோ முன்னொட்டு அலகின் பகுதி, ஆகவே நேர். கணித முறைமையில் மியூ என்று அழைத்தால் சாயும்.

ஃபை, எப்சிலான் இரண்டுக்கும் இரு வடிவங்கள் உண்டு, இரண்டும் தனித்தனி எண் பெற்றவை. ஒரே ஆவணத்தில் கலந்தால் வாசகர் இரண்டு வெவ்வேறு அளவுகள் என்று நினைப்பார்.

சாய்ந்த எழுத்து வரிசையில் ஹெச் மட்டும் கட்டமாக வருகிறது. எழுத்துருக் கோளாறா?

இல்லை. கணித எழுத்துகளுக்கான தொகுதி, யூ+1டி400 முதல் 1டி7எஃப்எஃப் வரை, 2001-இல் ஒருங்குறி 3.1-இல் சேர்ந்தது. அதற்கு முன்பே இடம்பெற்ற எழுத்துகளுக்கு அதில் மறுபடி இடம் கொடுக்கவில்லை. சாய்ந்த ஹெச், பிளாங்க் மாறிலி என்ற பெயரில் யூ+210இ-இல் இருக்கிறது, 1டி455 காலியிடம். இரட்டைக்கோட்டு சி, என், கியூ, ஆர், இசட் ஆகியவையும் பழைய இடங்களிலேயே உள்ளன. எழுத்துக்கு எழுத்து ஒன்று கூட்டிக்கொண்டு போகும் நிரல் எழுதுபவர்கள் இந்த ஓட்டைகளுக்குத் தனி விதி வைக்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் அலங்காரத்துக்காக இந்தத் தொகுதியைப் பயன்படுத்துகிறார்கள். திரைவாசிப்பான்கள் அதைத் தடுமாறித் தடுமாறி வாசிக்கும். கணிதத்துக்கு என்று வந்ததைக் கணிதத்துக்கே விட்டுவிடலாம்.

தமிழ் உரைக்கு நடுவே சமன்பாடு வந்தால் எழுத்துகள் காணாமல் போகின்றன.

யூனிகோட்-மேத் பொதியில் மேத்ஆர்எம் இயல்பாக உரையின் முதன்மை எழுத்துருவையே எடுக்கும். அது தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவாக இருந்தால் அதில் லத்தீன் எழுத்து இல்லை. அந்த இடம் வெறுமையாகவோ கட்டமாகவோ வரும். பிழை என்று நிற்காது, பதிவுக் கோப்பில் “எழுத்து இல்லை” என்ற எச்சரிக்கை மட்டும் ஓரமாக இருக்கும். செட்மேத்ஆர்எம் கட்டளையால் ஒரு லத்தீன் எழுத்துருவைத் தனியாகக் கொடுத்தால் தீரும். சமன்பாட்டுக்குள் “எனில்”, “மற்றவை” போன்ற தமிழ்ச் சொற்களை டெக்ஸ்ட் கட்டளைக்குள் இடுங்கள். லுவாலாடெக்கில் தமிழ் எழுத்துருவுக்கு ஹார்ஃப்பஸ் ரெண்டரரை (எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் நிரல்) தெரிவு செய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும்.

தமிழ்ச் சொல்லைக் கீழ்க்குறியாக இட்டால் கீழ்க்குறி அளவில் விசிறிகளும் புள்ளிகளும் அடைத்துக்கொள்ளும். 10 புள்ளி உரையில் டெக்கின் கீழ்க்குறி 7 புள்ளி, அதற்கும் கீழே போனால் 5 புள்ளி. 7 புள்ளியில் தமிழ் படிக்கலாம். 5 புள்ளியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பதே தெரியாது.

அனுப்புவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மூலக்கோப்பில் தேடுங்கள்: பை, ஐ, ஈ, டி ஆகியவை குறுங்கட்டளை இல்லாமல் வெறுமையாக நிற்கும் இடங்கள், கீழ்க்குறியில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் கட்டளையின்றி வரும் இடங்கள், எண்ணோடு ஒட்டிய அலகுகள். நீண்ட சமன்பாடு இரண்டு வரியாக உடையும் இடத்தில் கூட்டல், கழித்தல் குறி ஒரு வரியின் முடிவிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் கழித்தல் குறியை வாசகர் கூட்டலாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

பிடிஎஃப் ஆனதும் இரண்டொரு சமன்பாடுகளை நகலெடுத்து வெற்றுரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். கழித்தல் குறி மறைந்தாலோ வேறெழுத்தாக மாறினாலோ எழுத்துருவின் ஒருங்குறி இணைப்பு சரியில்லை. தேடலும் திரைவாசிப்பானும் அதே இடத்தில் தவறும். பிறகு பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எல்லா எழுத்துருக்களும் கோப்புக்குள் பதிந்துள்ளனவா என்று பாருங்கள். வேறு மென்பொருளில் வரைந்து இணைத்த படங்களின் எழுத்துருக்கள்தான் பெரும்பாலும் பதியாமல் போகும். அச்சுக் கருவி அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ளதை இடும்போது வரைபட அச்சுகளின் தலைப்புகளில் உள்ள நேர் மியூ சாய்ந்தோ, வெற்றுக் கட்டமாகவோ வெளிவரும். படத்தை எழுத்துருக்களோடு மறுபடி ஏற்றுமதி செய்து இணையுங்கள்.